நூற்றுப் பன்னிரண்டு மூச்சு

பிஹெச்டி முடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பவும் மனசில்லாமல், நிரந்தர வேலை கொடுக்கவும் மனசில்லாமல், இரண்டிரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பிடித்து வைத்துக்கொள்வதற்குப் பெயர் போஸ்ட்டாக். அந்தப் பிடியில் போய் விழத்தான் நான் நான்கரை வருஷம் அலைந்தேன். நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர், உங்கள் தகுதிகள் எங்களை மிகவும் கவர்ந்தன, ஆனாலும் வருந்துகிறோம் என்று எழுதினார்கள். அவ்வளவு கவர்ந்த பிறகு எதற்காக வருந்த வேண்டும் என்று யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பெரும்பாலான இடங்களில், பட்டம் வாங்கி ஐந்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஐந்து தாண்டிவிட்டால் திரிந்த பால் மாதிரி, யாரும் தொட மாட்டார்கள். எனக்கு ஆறு மாதம் மிச்சம் இருந்தது.

என் பெயர் வினோலியா. ஊர் கோலார் தங்க வயல், ஆண்டர்சன்பேட்டை. படிப்பு பயோமெடிக்கல் இன்ஜினியரிங். வேலை, பெங்களூரில் ஒரு கல்லூரி லேபில் ப்ராஜெக்ட் அசோசியேட். பெயரில் இருக்கும் பளபளப்பு வேலையில் இல்லை. மேடம் சொன்னதைச் செய்ய வேண்டும், மேடம் பெயர் முதலில் வரும்படி எழுத வேண்டும். காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தால் இருட்டின பிறகுதான் வீடு. அம்மா ஐடா போய் ஆறு வருஷமாகிறது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். நான் கிளம்பும்போது அவர் படுத்திருப்பார், திரும்பும்போது டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். எழுந்து நடமாடுகிற அப்பாவை நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்ப்பேன், அதுவும் சர்ச்சுக்கு ஆட்டோவில் போய் ஆட்டோவில் வருகிற தூரம்.

என் ஆராய்ச்சி ஒரு பெட்டி. சாப்பாட்டுக் கேரியர் அளவு இருக்கும். ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் நுரையீரலில் கல்தூள் படிந்து, அது மெல்ல இறுகிப்போகிற நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். எங்கள் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே இல்லாமல், குழாயில் ஊதினாலே அந்த இறுக்கத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் பெட்டியின் வேலை. ஊதினால் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். எண்பதுக்கு மேல் என்றால் நல்ல நுரையீரல். ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்தால் ஆள் பாவம்.

பெட்டியைச் சோதிக்க ஆள் வேண்டும். மேடம் என்னைப் பார்த்தார். உங்கள் ஊரில்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே என்றார், நாங்கள் என்னவோ அவர் லேபுக்காகவே இருமிக்கொண்டிருக்கிறவர்கள் மாதிரி. எக்ஸ்ரேயும் எடுத்து ஒப்பிடலாம் என்று கேட்டேன். முதல் கட்டத்துக்கு அதெல்லாம் தேவையில்லை, முதலில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார் என்றார்.

ஆள் சேர்க்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ஆர்தர் என்றால் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தொன்பது வருஷம் பூமிக்கு அடியில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர், சுரங்கம் மூடின கடைசி ஷிஃப்ட் வரைக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினவர். அவருக்கு ஒரே ஒரு விஷயம் புரிய வேண்டியிருந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"இந்த போஸ்ட்டாக்கு, போஸ்ட்டாக்குன்னு சொல்றியே, அது கிடைக்கணும்னா இன்னா ஆவணும்?"

எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. "நம்ம ஆளுங்களுக்கு சிலிக்கோசிஸ் இருக்குன்னு மெஷின் காட்டணும்ப்பா. காட்டிட்டா கிடைச்சிடும்" என்றேன். அப்படித்தான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட மாறவில்லை.

நவம்பரில் இரண்டு ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு சர்ச் ஹாலில் சோதனை நடந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். புத்த விகாரைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கும் போகாதவர்கள் எல்லோரும் சர்ச் ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஹாலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவர்களை ஐந்தைந்து பேராக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்பினார். எல்லோரும் ஊதினார்கள். ஒவ்வொருவரும் மூன்று முறை. மூன்று முறையும் எண் ஒத்துப்போனால் ஆள் நடிக்கவில்லை என்று அர்த்தம். இது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் எழுதினவர்கள் ஆண்டர்சன்பேட்டைக்கு வந்ததில்லை.

நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஏறக்குறைய எல்லோருக்கும் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் வந்தது. சுரங்கத்தையே பார்க்காத நூறு பேரை பெங்களூரில் ஊதச் சொன்னோம். அவர்களுக்கெல்லாம் எண்பதுக்கு மேல். நடுவில் ஒரு தெருவே ஓடலாம், அவ்வளவு இடைவெளி. ஒரே அளவில் வெட்டித் தைத்த சட்டைகள் மாதிரி இருக்கிறதே என்று மேடம் வியந்தார். என் தோளில் கை வைத்தார். அவர் லேபில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

அப்பாவும் ஊதியிருந்தார். நாற்பத்தாறு. அன்றைக்கு ஹாலின் பாத்ரூமுக்குள் போய் நின்று அழுதேன். வெற்றி பெற்ற நாளில் அழுத விஞ்ஞானிகள் பட்டியலில் என்னையும் சேர்க்கலாம். வீட்டுக்கு வந்து, கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கலாம் வா என்று தினமும் சொன்னேன்.

"எல்லாருக்கும் அதானே வந்துச்சு? எனக்கு மட்டும் இன்னா தனியா எக்ஸ்ரே?" என்று டிவியைப் பார்த்தபடியே சொல்வார். சொல்லிச் சொல்லி நானும் ஓய்ந்துபோனேன்.

ஜனவரியில் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் வீடியோவில் பேட்டி எடுத்தது. அந்தப் பேராசிரியர் என் வரைபடத்தைப் பார்த்து இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். மார்ச்சில் கடிதம் வந்தது. இரண்டு வருஷ போஸ்ட்டாக். பெட்டியை அங்கே முழுதாக வளர்த்தெடுக்கலாம். ஒரே ஒரு சம்பிரதாயம் மட்டும் பாக்கி என்றார்கள்: அதே ஆட்களில் இருபது பேரை மறுபடி ஊதவைத்து, அந்தப் பதிவுகளை அப்படியே அனுப்ப வேண்டும். எண் திரும்பவும் அதேபோல வருகிறதா என்று பார்ப்பதற்கு. வெள்ளிக்கிழமைக்குள்.

அப்பா கடிதத்தை ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு முழுக்கப் படித்துக் காட்டினார். அவருக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரியும். கேட்டவர்களுக்கு அதுவும் இல்லை. சர்ச்சில் எனக்காக எழுந்து நின்று ஜெபித்தார்கள். நான் ரயிலில் போகும்போது நெதர்லாந்தின் குளிரை யோசித்துக்கொண்டு போனேன். எனக்கு முப்பத்துநான்கு வயது. இவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுசோதனையை வியாழக்கிழமை வைத்தேன். அன்றைக்கு அப்பாவுக்குக் கோலார் கோர்ட்டில் வாய்தா, கம்பெனி கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீட்டுப் பத்திரம் சம்பந்தமாக.

"ஞாயித்துக்கிழம வெச்சுக்கோயேன் வினோ. நானும் இருப்பேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்ப்பா. அவங்க ஊதப் போறாங்க, நான் எழுதிக்கப் போறேன். நீ எதுக்கு?"

"நான் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சர்ச் ஹாலில் இருபது பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். முதலில் சிவலிங்கம் மாமா. அப்பாவின் நாற்பது வருஷ சிநேகிதர், விகாரைப் பக்கத்து லைனில் இருப்பவர். எழுபது வயதிலும் சைக்கிளில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வருவார். போன தடவை அவருக்கு நாற்பத்தெட்டு வந்தபோது, ஆள் உள்ளுக்குள் இப்படியா என்று மனசு சங்கடப்பட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குழாயைக் கையில் வாங்கி, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, இன்னிக்கி துண்டு கட்டிக்கணுமா, வேணாவா? உங்கப்பா ஊர்ல இல்லியே."

"என்ன துண்டு மாமா?"

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "இன்னாம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கற? மாரு மேல கட்டற துண்டுதான். போன தபா பின் ரூம்ல வெச்சு உங்கப்பா எல்லாருக்கும் இழுத்து இழுத்துக் கட்டிவுட்டாரே. கையில கொண்டாந்திருக்கேன். கட்டச் சொன்னா கட்டறேன். ஆனா அவர் மாதிரி கரெக்டா இழுக்க வராது."

பையிலிருந்து ஒரு பழைய ஈரிழைத் துண்டை எடுத்துக் காட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மடியிலும் பார்த்தேன். மாமாவுடையதையும் சேர்த்துப் பதினேழு துண்டுகள் இருந்தன.

நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மிகுந்த பெருமையோடு விளக்கினார். சுரங்கக் கம்பெனி காலத்தில், நுரையீரல் கெட்டுப்போனவனுக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்று பார்க்க டாக்டர்கள் போர்டு உட்காருமாம். நிஜமாகவே நோய் இருக்கிறவனுக்கும், ஒன்றுமில்லை போ என்று எழுதிவிடுவார்களாம். அதனால் இருக்கிறவனும் கட்டினான், இல்லாதவனும் கட்டினான். சட்டைக்குள் விலா எலும்பைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டால், எத்தனை தடவை ஊதினாலும் அதே அளவுதான் காற்று வரும். எந்த டாக்டராலும் பிடிக்க முடியாது.

"உன் மெஷினாலயும் முடியல பாரு" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். "உங்கப்பா இன்னா சொன்னார் தெரியுமா? இந்த மெஷின் நமக்கு நோவு இருக்குன்னு காட்டினாதான் எம்பொண்ணு பாஸாவும், அதனால ஒருத்தனும் என்னை ஏமாத்தக் கூடாதுன்னார்."

கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. அந்த ஹாலையே உதைத்துத் தள்ளலாம் போல வந்தது. ஆனால் இருபது கிழவர்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு எனக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரைத் திட்ட? ஒன்றும் கட்டாமல், இருக்கிற மூச்சையெல்லாம் கொடுத்து ஊதுங்கள் மாமா என்றேன். ஊதினார். எண்பத்தாறு.

இருபது பேரும் ஊதினார்கள். பதினேழு பேருக்கு எண்பதைச் சுற்றி வந்தது. மூன்று பேருக்கு மட்டும் ஐம்பதைத் தாண்டவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் கௌதமன் அங்கிள். ஊதிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் இருமினார். போன தடவை உங்களுக்கும் துண்டு கட்டினாரா என்று கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா? உனக்கு வேணாம்னு உங்கப்பா சொல்லிட்டார்" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. துண்டு கொண்டுவந்தவர்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, இருபது பேரையும் இன்னொரு தடவை ஊதவைத்தேன். பதிவு செய்தேன். ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்டார்கள். எண்கள் போன தடவையைப் போலவே வந்தன, கொஞ்சம் முன்னே பின்னே. இப்போது என் மடிக்கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று நிஜம். இன்னொன்று நெதர்லாந்து.

கிளம்பும்போது சிவலிங்கம் மாமாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "அப்பாவும் அன்னிக்கி கட்டிக்கிட்டாரா?"

"அவர் கட்டாம இருப்பாரா? வாத்தியாரே அவர்தானே."

அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான். நாற்பத்தாறு என்பது பொய். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்த அதே நேரத்தில், அப்பாடா என்றும் இருந்தது.

மேடத்துக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். துண்டில்லாமல் ஊதினவற்றைச் சரியான முயற்சி இல்லை என்று ஒதுக்கிவிடு, மற்றதை அனுப்பு என்றார். மேடம், அதுதான் சரியான முயற்சி என்றேன். "வினோலியா, உனக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கும் அந்த எண்களை வைத்து ஒரு கட்டுரை அச்சில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா கோலாரிலிருந்து திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "எல்லாரும் ஒழுங்கா ஊதினாங்களா?" என்பதுதான். ஊதினார்கள் என்றேன். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை லேபில் உட்கார்ந்து நெதர்லாந்துக் கோப்பை இணைத்தேன். கடிதமும் எழுதிவிட்டேன். அனுப்புவதுதான் பாக்கி. அனுப்பியிருப்பேன், என்னை உத்தமி என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசியாக ஒரு தடவை வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். இருபது புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று. அதில் கௌதமன் அங்கிள் எது, துண்டு கட்டிய சிவலிங்கம் மாமா எது என்று எனக்கே தெரியவில்லை. பெட்டியைச் செய்தவள் நான். நோய்க்கும் துண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே இரண்டு வருஷம் அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து நிறுத்த வேண்டும். மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட எரிச்சல் அதிகம். அந்த மனிதர் மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினது எதற்கு?

இரண்டு கோப்புகளையும் இணைத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். எக்ஸ்ரேயோடு சேர்த்து மறுபடி முதலிலிருந்து செய்தால் பெட்டி நிஜத்தைக் கற்றுக்கொள்ளும், அதை உங்கள் லேபில் செய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டேன். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. உண்மை சொன்னால் மதிப்பார்கள் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் அல்லவா.

மதித்தார்கள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. உங்கள் நேர்மை எங்களை மிகவும் கவர்ந்தது என்று ஆரம்பித்திருந்தது; மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் கட்ட முடிவுகள் நிற்காததால் அந்த இடத்தை வேறு திட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள். மேடம், ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்பதை ஒரு வரியில் நினைவுபடுத்தினார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாகிவிட்ட கோபம் அந்த ஒரு வரியில் நன்றாகவே தெரிந்தது.

அப்பாவிடம், வேலை இல்லையென்று ஆகிவிட்டது, இரண்டாவது தடவை எண்கள் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் உப்பு, தண்ணி என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவலிங்கம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, செருப்போடு உள்ளே வந்தார்.

"பாப்பா, நீயே சொல்லு. நேத்து சாயங்காலம் ஆட்டோ எடுத்துகினு எங்க லைனுக்கு வந்து, நடுத்தெருவுல நின்னு, எம்பொண்ணு பொழப்பக் கெடுத்துட்டியே துரோகின்னு கத்தறார் உங்கப்பா. எம்மருமவ முன்னால. நாப்பது வருஷ சிநேகிதம்மா! அன்னிக்கி முழு மூச்சா ஊதச் சொன்னது யாரு?"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நான் ஒரு நாளு ஊர்ல இல்ல. ஒரே ஒரு நாளு. அதுக்குள்ள அவனவன் வீரத்தக் காட்டிட்டான்" என்றார்.

"நான்தான்ப்பா ஊதச் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயா? ஏன்?"

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "ஏன்னா அதுக்குப் பேருதான் டெஸ்ட்! யாருப்பா உன்னைத் துண்டு கட்டிவிடச் சொன்னது? மெஷின் நோயைக் கண்டுபிடிக்கணும்னு சொன்னேன், நோயை உண்டாக்கித் தரச் சொன்னேனா? நாலரை வருஷம்ப்பா. நாப்பத்தோரு இடம். இனிமே என்னை எவனும் எடுக்க மாட்டான். சிவலிங்கம் மாமா என் பொழப்பைக் கெடுக்கல. நீதான் கெடுத்த. கேக்குதா? நீ."

என்னிடமிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. சிவலிங்கம் மாமா, விடும்மா, விடும்மா என்றார். தான் வந்ததே தப்பு என்பதுபோல வாசலைப் பார்த்தார்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். குழாயை அவர் கையில் திணித்தேன். "ஊது. நீ எவ்ளோ நல்லா நடிச்சேன்னு நானும் பார்க்கறேன். இருக்கிற மூச்செல்லாம் குடுத்து ஊது."

"வேணாம் வினோ."

"ஊதுப்பா."

ஊதினார். கண் பிதுங்க ஊதினார். நாற்பத்துமூன்று.

"நடிக்காதப்பா. இன்னொரு தடவை."

நாற்பத்துமூன்று. மூன்றாவது தடவை நாற்பத்திரண்டு.

"துண்டைக் கட்டிட்டே உட்கார்ந்திருக்கியா வீட்டுலயும்? அவுத்துப் போடு அதை" என்று கத்திக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

துண்டு இல்லை. பழைய பனியனுக்குள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் எலும்புகளுக்கு நடுவில் இருந்த தோல் உள்ளே போய் வந்தது. சிவலிங்கம் மாமா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சட்டையைக் கீழே விட்டேன். அப்பா அதைச் சரிசெய்துகொண்டு, பட்டன் ஒன்று கழன்றிருந்ததைப் போட்டார். அதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"அன்னிக்கி நீங்க கட்டிக்கலியா ஆர்தரு?" என்று சிவலிங்கம் மாமா கேட்டார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "எவ்ளோ இறுக்கணும்னு எனக்கு எப்டித் தெரியும்னு நினைச்ச? எனக்கு மூச்சு எங்க வந்து நிக்குதோ, அங்க நிக்கற வரைக்கும் இழுத்தேன். அளவு அதான்."

ஏன்ப்பா என்கிட்ட சொல்லல என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே என்னைப் பார்த்துச் சொன்னார், ஏதோ நான் கணக்குத் தெரியாத குழந்தை மாதிரி.

"நான் ஒருத்தன் மட்டும் ஊதியிருந்தா, அந்த ஒரு மூச்சுக்குப் போயி உனக்கு எவன்மா வேலை குடுப்பான்?"